கைக்கு அடக்கமான ஒரு நூலின் வரலாறு



யூபிலி மலரைக் கையில் எடுப்போர் நம் பங்கின் வரலாற்றையே எதிர்பார்ப்பர். அதை நம்மினும் நன்கறிந்த பெரியவர்கள் இம்மலரின் வேறு பக்கங்களில் எழுதியுள்ளனர். நாம் இங்கே சொல்ல எடுத்துக்கொண்டது ஒரு சிறிய நூலின் வரலாறு. அந்நூல் கிறிஸ்தவ நூலன்று. அதற்கு உரியவர் திருமுழுக்குப் பெற்றவருமல்லர். ஆயினும் நம் திருச்சபையின் துறவியரும் மறைப்பணியாளரும் அதனைப் பல நூற்றாண்டுகள் கையில் வைத்திருந்தனர். இந்நாளில் நம் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியில் 'ஸ்டோயிசிசம்' என்ற பெயரில் அதன் துணுக்குகளைப் படித்துவிட்டு, "சாமி, இது நம் வேதத்துக்கு ஒத்ததா?" என்று கேட்கின்றனர். ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை கூற முடியாத கேள்வி அது. நூலின் கதையைச் சொல்லிக்கொண்டு போவதே நேரான வழி என்று நமக்குப் படுகிறது.

ஸ்தோயிக்கர் என்னும் பெயர் ஒரு மண்டபத்தால் வந்தது. சைப்ரஸ் தீவினரான செனோன் என்பவர் கப்பல் உடைந்து, சரக்கை இழந்து, ஏத்தென்ஸ் நகர் வந்து சேர்ந்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கி.மு. 300-ஐ ஒட்டி, சந்தைவெளி ஓரத்தில் ஓவியங்கள் தீட்டிய தூண் மண்டபம் ஒன்றில் அவர் கற்பித்தார். மண்டபத்துக்குக் கிரேக்க மொழியில் 'ஸ்தோவா' என்று பெயர். அவருக்குப் பின் தலைமை ஏற்ற கிளெயாந்தஸ் இரவெல்லாம் தோட்டங்களுக்கு நீர் இறைத்துக் கூலி வாங்கி, பகலில் பாடம் கேட்டவர். ஆக, தொடக்கத்திலேயே இது செல்வர் வீட்டுக் கல்வியாக மட்டும் இருக்கவில்லை.

புனித சின்னப்பர் ஏத்தென்ஸ் நகரில் எப்பிக்கூரரோடும் ஸ்தோயிக்கரோடும் உரையாடினார் என்று அப்போஸ்தலர் பணி நூல் (17 : 18) கூறுகிறது. இறைவனுக்கு நாம் பிள்ளைகள் என்று அவர்களுடைய கவிஞரே பாடியிருப்பதை அவர் எடுத்துக்காட்டிப் பேசினார். அக்கவிஞர் அராத்துஸ் என்பவர். ஸ்தோயிக்கக் கருத்துகளில் ஊறியவர். சின்னப்பர் பிறந்த சிலிசியா நாட்டினர். மறுப்பதற்கு முன் ஒத்த இடத்தைத் தேடிப் பிடித்த அந்த முறையைப் பின்னும் பலர் கையாண்டதைப் பார்க்கப் போகிறோம்.

சின்னப்பர் ஏத்தென்ஸில் பேசியது கி.பி. 50-ஐ ஒட்டிய காலம். ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இன்றைய துருக்கி நாட்டிலுள்ள எராப்போலிஸ் நகரில் எபிக்டெட்டஸ் பிறந்தார். கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில் (4 : 13), எப்பப்பிராஸ் யாருக்காக உழைத்தார் என்று சொல்லும் இடத்தில் இந்நகரின் பெயரைக் காணலாம். திருத்தூதர் பிலிப்பு அடக்கம் செய்யப்பட்ட இடம் என்று பழைய மரபு சொல்வதும் இந்நகரையே. எபிக்டெட்டஸ் என்றாலே 'பெறப்பட்டவன்' என்று பொருள். அதாவது, காசு கொடுத்து வாங்கியவன். தாய் தந்தையர் இட்ட பெயர் இதுவென்று நம்ப மனம் வரவில்லை.

நீரோ மன்னனிடம் அலுவல் பார்த்த எப்பாப்ரோதித்துஸ் என்பவருக்கு இவர் உரோமையில் அடிமையாக இருந்தார். அந்த எசமானும் ஒரு காலத்தில் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவரே என்பது வேடிக்கை. அடிமையாக இருக்கும்போதே முசோனியுஸ் ரூஃபுஸ் என்னும் ஸ்தோயிக்க ஆசிரியரிடம் பாடம் கேட்டார். பின்னர் விடுதலை பெற்றுத் தாமே கற்பிக்கத் தொடங்கினார். தொமிசியன் மன்னன் தத்துவம் பேசுவோரைத் துரத்தியபோது கிரேக்க நாட்டின் மேற்குக் கரையிலுள்ள நிக்கொப்போலிஸ் நகருக்குச் சென்று அங்கேயே பள்ளி நடத்தினார். தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தில் (3 : 12), குளிர்காலத்தைக் கழிக்கச் சின்னப்பர் தேர்ந்துகொண்ட நிக்கொப்போலிஸ் இதுவே என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. நம் திருத்தூதரின் தடங்கள் பட்ட ஊர்களிலேயே இந்த நொண்டி ஆசிரியரின் வாழ்வும் கழிந்திருக்கிறது. இருவரும் சந்தித்ததற்கு மட்டும் சான்று ஏதுமில்லை.

அவர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. அவருடைய மாணவர் அரியான் வகுப்பில் கேட்டவற்றைக் குறித்து வைத்தார். எட்டு நூல்களாக இருந்த உரைகளில் நான்கே நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றின் சாரத்தை அரியானே சுருக்கித் தந்ததுதான் 'என்கெய்ரீதியோன்'. கையில் அடங்குவது என்று பொருள். அதே சொல் குறுவாளுக்கும் வழங்கும். இன்றைய பதிப்புகளில் 53 சிறு பகுதிகள். ஒரு மணி நேரத்தில் படித்து முடித்துவிடலாம்.

நூலின் அடிப்படை ஒன்றே. சில காரியங்கள் நம் ஆளுகைக்கு உட்பட்டவை, சில உட்படாதவை. நாம் எண்ணுவதும் விரும்புவதும் வெறுப்பதும் முன்னதைச் சேர்ந்தவை. உடல்நலம், சொத்து, பிறர் நம்மைப் பற்றிப் பேசுவது, பதவி ஆகியவை பின்னதைச் சேர்ந்தவை. பின்னதை முன்னதென்று நினைப்பவன் ஆயுள் முழுவதும் ஏங்கியும் ஏசியும் கழிப்பான். இவ்வளவே. இதைக் கேட்டவுடன், இதற்கு ஒரு தத்துவ ஆசிரியர் வேண்டுமா என்று தோன்றும். குருமடத்தில் படித்த நாளில் நமக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவர் இதை நாளாந்த வாழ்வின் சில்லறைக் காரியங்களில் பொருத்திக் காட்டும் விதத்தில்தான் நூலின் உயிர் இருக்கிறது.

பொதுக் குளியல் கூடத்துக்குப் புறப்படுமுன் அங்கே என்னென்ன நடக்கும் என்பதை மனத்தில் ஓடவிட்டுப் பார்க்கச் சொல்கிறார். ஒருவன் தண்ணீரை வாரி இறைப்பான், ஒருவன் இடிப்பான், ஒருவன் திட்டுவான், ஒருவன் துணியைத் திருடுவான். குளிப்பது மட்டுமல்ல, மனம் கெடாமல் குளித்து வருவதும் நம் நோக்கம் என்று வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டால், அங்கே நடப்பது எதுவும் புதிதாக இராது. காலை எட்டு மணிப் பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் நம் பங்கு மக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நியாயவிலைக் கடை வரிசைக்கும் இது பொருந்தும். பங்குப் பேரவைக் கூட்டத்துக்கும் பொருந்தும் என்பதை நாம் சொல்லாமலே பேரவை உறுப்பினர் அறிவர்.

உன்னைப் பற்றி இன்னார் இப்படிப் பேசினார் என்று யாராவது வந்து சொன்னால் மறுத்து வாதாட வேண்டாம் என்கிறார். என்னுடைய மற்றக் குறைகள் அவருக்குத் தெரியவில்லை போலும், தெரிந்திருந்தால் இதோடு நிறுத்தியிருக்கமாட்டார் என்று சொல்லிவிட்டுப் போகச் சொல்கிறார். இன்று வாட்ஸப் குழுக்களில் இரவு பதினொரு மணி வரை பதிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்போர் இந்தப் பகுதியை எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளலாம்.

இன்னோர் இடம். ஒவ்வொரு காரியத்துக்கும் இரண்டு கைப்பிடிகள் உண்டு. ஒன்றால் தூக்கலாம், மற்றதால் தூக்க முடியாது. உடன்பிறந்தவன் அநீதி செய்தால், அநீதி என்ற பிடியால் தூக்காதே. உன்னோடு வளர்ந்தவன் என்ற பிடியால் தூக்கு என்கிறார். வரப்புத் தகராறுக்கும் பாகப் பிரிவினைக்கும் சமரசம் பேச நாம் போய் அமர்ந்த வீடுகள் பல. நீண்ட மறையுரை பலிக்காத இடங்களிலும் இந்த இரண்டு கைப்பிடிக் கதை சில வேளைகளில் பலித்திருக்கிறது. பலிக்காத வீடுகளும் உண்டு.

அவரும் தாம் சொன்னதைச் செய்து பார்த்தவர். வீட்டில் இருந்த இரும்பு விளக்கை ஒரு நாள் எவனோ திருடிச் சென்றான். இனி மண் விளக்கு வாங்கினால் போயிற்று என்றார். அவர் இறந்தபின் அந்த மண் விளக்கை ஒருவர் மூவாயிரம் திராக்மா கொடுத்து வாங்கினார் என்று லூக்கியான் என்ற எழுத்தாளர் எள்ளி நகையாடுகிறார். அதை ஏற்றிவைத்துப் படித்தால் அறிவு வந்துவிடும் என்பது வாங்கியவரின் எண்ணம்! புனிதர்களின் பண்டங்களை வாங்கி வைத்துவிட்டு அவர்களது வாழ்வை விட்டுவிடும் பழக்கம் நமக்கும் இருப்பதால் அதிகம் சிரிக்க வேண்டாம்.

இனித் திருச்சபையில் இந்நூல் நுழைந்த கதை. கி.பி. 248-ஐ ஒட்டி மறைநூல் அறிஞர் ஒரிஜன் எழுதிய மறுப்பு நூலில் எபிக்டெட்டஸ் தலைகாட்டுகிறார். பிளாட்டோவின் நூல்கள் படித்தவர் கைகளில் மட்டுமே உள்ளன. எபிக்டெட்டஸையோ சாதாரண மக்களும் பயன் கருதி விரும்புகின்றனர் என்று ஒரிடத்தில் ஒரிஜன் மெச்சுகிறார். மற்றோரிடத்தில் சச்சரவு வருகிறது. எசமான் காலை முறுக்கியபோது எபிக்டெட்டஸ் அமைதியாக, இப்படிச் செய்தால் கால் முறியும் என்றாராம். முறிந்தபின், சொன்னேன் அல்லவா என்றாராம். உங்கள் ஆண்டவர் பாடுபட்டபோது இதற்கு ஈடாக என்ன பேசினார் என்று கிறிஸ்தவரைப் பார்த்துக் கேட்டவன் கெல்சுஸ். அவர் ஒன்றும் பேசவில்லை, கசையடியின்போது காத்த அந்த மௌனமே எந்தப் பேச்சினும் பெரிது என்பது ஒரிஜனின் பதில். கால் முறித்த கதையே உண்மைதானா என்பது வேறு கேள்வி. 6-ஆம் நூற்றாண்டில் இந்நூலுக்கு விளக்கவுரை எழுதிய சிம்பிளிக்கியுஸ், அவர் இளமையிலிருந்தே நொண்டியாக இருந்தவர் என்கிறார்.

புனித அகுஸ்தினார் தமது 'இறைவனின் நகர்' நூலில் ஒரு கப்பல் கதையை எடுத்துச் சொல்கிறார். அவுலுஸ் கெல்லியுஸ் என்பவர் கிரேக்க நாட்டிலிருந்து இத்தாலிக்குப் பயணம் செய்தபோது புயல் பிடித்துக்கொண்டது. கப்பலில் பேர்பெற்ற ஸ்தோயிக்கர் ஒருவரும் இருந்தார். அலை எழும்பியபோது அவர் முகமும் மற்றவர்களைப் போலவே வெளுத்தது. புயல் அடங்கியதும் செல்வர் ஒருவர் அவரைக் கேலி செய்தார். கெல்லியுஸோ பணிவோடு காரணம் கேட்டார். ஸ்தோயிக்கர் தம் பையிலிருந்து எபிக்டெட்டஸின் உரைநூல் ஒன்றை எடுத்துக் காட்டினார். நெஞ்சின் முதல் துடிப்பு நம் ஆளுகையில் இல்லை, அதற்கு இசைவு கொடுப்பதும் கொடாததுமே நம்மிடம் உள்ளது என்பது அதில் கண்ட விளக்கம். அவர் காட்டிய அந்தப் பகுதி இன்று நமக்குக் கிடைக்காத நூல்களில் ஒன்றைச் சேர்ந்தது. சோதனைக்கும் பாவத்துக்கும் வேறுபாடு கற்பிக்கும்போது நம் மறைக்கல்வி ஆசிரியர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுவே.

கதையை ரசித்துச் சொன்ன அகுஸ்தினார் ஓரிடத்தில் கை நீட்டித் தடுக்கிறார். பிறர் துன்பம் கண்டு நெஞ்சு இளகுவதை ஸ்தோயிக்கர் ஒரு குறையாகவே எண்ணினர். இதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் சுட்டுவது லாசர் இறந்தபோது கண்ணீர் விட்ட ஆண்டவரை. இந்த ஓர் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் இங்கே வருவோம்.

கிழக்குத் திருச்சபையின் துறவியர் இன்னும் துணிச்சலான காரியம் செய்தனர். நூலையே எடுத்துத் தங்களுக்கு ஏற்பத் திருத்திக்கொண்டனர். தேவர்கள் என்று வந்த இடங்களில் இறைவன் என்று எழுதினர். நிலுஸ் என்னும் புனிதரின் பெயரால் வழங்கும் பிரதியில் சாக்ரட்டீஸ் இருந்த இடத்தில் சின்னப்பர் வந்து அமர்ந்துகொண்டார்! ஆகாத பகுதிகளை வெட்டிவிட்டு ஆகும் பகுதிகளை வைத்துக்கொண்டனர். மடத்துக்கு வந்த இளந்துறவிக்குப் பொறுமை கற்பிக்க வெளியிலிருந்து வந்த கருவி என்று அவர்கள் கூசவில்லை.

அதே முறையைச் சீன நாட்டில் கையாண்டவர் சேசு சபைக் குரு மத்தேயு ரிச்சி. 1552-இல் இத்தாலியில் பிறந்த இவர் 1578-இல் கோவா வந்து, 1580-இல் கொச்சியில் குருப்பட்டம் பெற்று, அங்கிருந்து கிழக்கே சென்றவர். 1605-இல் பீக்கிங் நகரில் 'இருபத்தைந்து உரைகள்' என்ற சீன மொழி நூலை வெளியிட்டார். எபிக்டெட்டஸின் கைந்நூலில் தேர்ந்தெடுத்த பகுதிகளே அவை. சீன அறிஞர் போற்றிய கன்பூசிய நற்பண்புகளின் மொழியில் அவற்றை மாற்றி எழுதியிருந்தார். 1603-இல் திருமுழுக்குப் பெற்றுப் பவுல் என்ற பெயர் பூண்ட சூ குவாங்சி என்ற அலுவலர் அதற்குப் பின்னுரை எழுதினார். யாரையும் மறுக்காமல் நல்வாழ்வைப் பற்றி மட்டும் பேசியதால் நூல் எல்லாராலும் வரவேற்கப்பட்டது என்று ரிச்சியே கடிதம் எழுதியிருக்கிறார். அடுத்த ஆண்டு, 1606-இல், மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தே நொபிலியும் இவ்வாறே மக்களின் மொழிக்குள்ளும் நூல்களுக்குள்ளும் புகுந்து பேசினார் என்பதை நம் மக்கள் அறிவர். ரிச்சியை 2022-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார்.

இதெல்லாம் பழைய கதை, இந்த நூற்றாண்டுக்கு இது உதவுமா என்பீர்கள். ஜேம்ஸ் ஸ்டாக்டேல் என்ற அமெரிக்கக் கடற்படை விமானி 1962-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்து முடித்தபோது அவருடைய தத்துவப் பேராசிரியர் இந்தக் கைந்நூலைப் பரிசளித்தார். விமானம் ஓட்டுபவனுக்கு இது எதற்கு என்றே முதலில் நினைத்ததாகப் பின்னர் கூறினார். 1965 செப்டம்பர் 9-இல் வட வியட்நாமில் அவர் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பாரசூட்டில் இறங்கிக்கொண்டிருந்த அந்தச் சில வினாடிகளில், எந்திரங்களின் உலகை விட்டு எபிக்டெட்டஸின் உலகுக்குள் நுழைகிறேன் என்று தமக்குள் சொல்லிக்கொண்டாராம். ஏழரை ஆண்டுகள் சிறை. அதில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் தனிக்கொட்டடி. கால் முறிந்து, எபிக்டெட்டஸைப் போலவே நொண்டியானார். 1973 பிப்ரவரியில் விடுதலை பெற்றார். போரின் நியாய அநியாயத்தைப் பேசுவது இங்கு நம் வேலையன்று. ஹனோய் நகரின் அந்தச் சிறையை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டிய பிரெஞ்சு ஆட்சியினர் அதில் அடைத்தது வியட்நாமிய விடுதலை வீரர்களை என்பதையும் மறக்கலாகாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அச்சிறையில் கைதிகளைத் தாங்கியது மனத்தில் பதிந்த நூல் மட்டுமன்று. ஐந்து வரிசை, ஐந்து நிரலாக எழுத்துகளை அமைத்து, சுவரைத் தட்டித் தட்டிப் பேசும் ஒரு முறையை அவர்கள் கையாண்டனர். வதை பொறுக்கமாட்டாமல் எதிரி கேட்டதைச் சொல்லிவிட்டு, வெட்கத்தால் குன்றித் திரும்பி வந்தவனுக்கு அடுத்த கொட்டடியிலிருந்து தட்டல் வரும். எல்லாருக்கும் இது நேர்ந்ததுதான் என்று சுவர் ஆறுதல் சொல்லும். பேச்சை முடிக்கும்போது, இறைவன் உனக்கு ஆசியளிப்பாராக என்பதன் மூன்று ஆங்கில முதலெழுத்துகளைத் தட்டி முடிப்பர்.

மனநல மருத்துவத்திலும் இந்நூல் புகுந்துள்ளது. 1955 முதல் நியூயார்க்கில் ஆல்பர்ட் எல்லிஸும், அடுத்த பத்தாண்டில் பிலடெல்பியாவில் ஏரன் பெக்கும், மனச்சோர்வுற்றோரின் எண்ணங்களை ஆராய்ந்து திருத்தும் சிகிச்சை முறைகளை வகுத்தபோது, தங்களுக்கு முன்னோடி ஸ்தோயிக்கர் என்று வெளிப்படையாகவே எழுதினர். மனநோய்க்கு மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு என்று எண்ணுவோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

1935-இல் அமெரிக்காவில் தோன்றிய, குடிநோயிலிருந்து மீள்வோரின் சங்கக் கூட்டங்களில் சொல்லப்படும் அமைதிக்கான செபத்தை நம்மில் பலர் அறிவோம். மாற்ற முடியாததை ஏற்க அமைதியும், முடிந்ததை மாற்றத் துணிவும், இரண்டையும் பிரித்தறிய ஞானமும் வேண்டும் செபம் அது. ரைன்கோல்டு நீபூர் என்ற பிரிவினை சபைப் போதகர் இயற்றியது. எபிக்டெட்டஸின் பிரிவினையே அதன் எலும்பு. ஆனால் அவர் அது உன் கையில் உள்ளது என்று மாணவனிடம் சொன்னார். குடியோடு போராடித் தோற்றவனுக்கு அவன் மனமே அவன் கையில் இல்லை. ஆகையால் அதையும் அவன் கேட்டுப் பெறுகிறான். நமக்கும் ஸ்தோயிக்கருக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் குருமடப் பாடநூல்களைவிட அந்தக் கூட்டங்களில் தெளிவாகக் கண்டோம்.

இனி நாம் நினைவில் வைக்கச் சொன்ன இடத்துக்கு வருவோம். உனக்குப் பிடித்த குடம் உடைந்தால் கலங்காதே, அது குடம்தானே என்று தொடங்கும் எபிக்டெட்டஸ், அதே மூச்சில், மனைவியையும் பிள்ளையையும் முத்தமிடும்போதும் இவர்கள் சாகப் பிறந்தவர்கள் என்று நினைத்துக்கொள் என்கிறார். அழுகின்றவனைக் கண்டால் வாயளவில் ஆறுதல் சொல், வேண்டுமானால் சேர்ந்தும் புலம்பு, ஆனால் உள்ளே புலம்பாதே என்கிறார். இங்கே நாம் அவரை விட்டுப் பிரிகிறோம். பிள்ளையை அடக்கம் செய்துவிட்டு வந்த வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர் எவரும் இப்படி எழுதமாட்டார். லாசரின் கல்லறையருகே ஆண்டவர் விட்ட கண்ணீரை அருளப்பர் எழுதி வைத்திருக்கிறார் (11 : 35). அது உதட்டளவில் விட்ட கண்ணீர் அன்று.

இதைவிடக் கெட்டதொன்று உண்டு. எபிக்டெட்டஸ் இந்தப் பாடத்தை ஒவ்வொருவரும் தமக்குத் தாமே சொல்லிக்கொள்வதற்காகத் தந்தார். நாமோ பிறருக்குச் சொல்கிறோம். கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணிடம், உன் கையில் என்ன இருக்கிறது, பொறுத்துக்கொள் என்கிறோம். கூலி கொடாத முதலாளியைப் பற்றி முறையிடுபவனிடம், எல்லாம் தேவசித்தம் என்கிறோம். பொறுமை என்ற அழகிய சொல்லைப் பிறர் வாயை மூடப் பயன்படுத்துகிறோம். அடிமையாக இருந்த எபிக்டெட்டஸ்கூட, அடிமையிடம் சீறும் எசமானைப் பார்த்து, அவனும் உன் சகோதரன், ஒரே கடவுளின் பிள்ளை என்று கடிந்திருக்கிறார். அடிமை முறையே ஒழிய வேண்டும் என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அவர் நூலில் நமக்குப் பெரிதும் உறுத்தும் குறை அது. கிறிஸ்தவர்களாகிய நாமும் அதைச் சொல்லப் பல நூற்றாண்டுகள் தாமதித்தோம் என்பதால் கல்லெறிய நமக்குக் கை எழவில்லை.

அவருடைய முதுமையைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சிம்பிளிக்கியுஸின் விளக்கவுரையில் போகிற போக்கில் வருவது. எபிக்டெட்டஸ் நெடுங்காலம் தனித்தே வாழ்ந்தார். உரோமையில் அவர் வீட்டுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை. உள்ளே படுக்கையும் பாயும் தவிர வேறெதுவும் இல்லை. மனைவி மக்கள் மீது மனத்தைக் கட்டிப் போடாதே என்று ஆயுள் முழுவதும் கற்பித்தவர், வயதான பின், நண்பர் ஒருவர் கைவிட்டுவிட இருந்த குழந்தையைத் தாமே எடுத்துக்கொண்டார். வளர்க்க ஆள் வேண்டுமென்பதற்காக ஒரு பெண்ணையும் வீட்டுக்கு அழைத்து வந்தார். அந்தக் குழந்தையின் பெயரை சிம்பிளிக்கியுஸ் குறிப்பிடவில்லை.